நாலு அமுக்கினா நம்ம வீடு

– இல்ல வாலு, விளையாட்டெல்லாம் அப்புறம் வச்சுக்கலாம். நான் வீட்டுக்குள்ள நின்னுட்டுத்தான் பேசறேன். நீங்கல்லாம் எங்க ஒளிஞ்சுட்டு இருக்கீங்க?

– இரு இரு. எந்த வீட்டுக்குள்ள?

– நம்ம வீட்டுக்குள்ளதான். வேற எவன் வீட்டுக்குள்ள போவேன்? அதாவது, மூணு வருஷம் கழிச்சு புது வருஷச் சாப்பாட்டுக்கு ஒருத்தன் வரான். வாசல்ல ஒரு ஆள் இல்ல. பெல் அடிச்சு அடிச்சு விரல் தேஞ்சு போச்சு. உள்ள வந்தா ஃபேன் மட்டும் சுத்துது.

– அண்ணே, நான் பதினோரு மணிலேருந்து இந்த ஹாலத் தாண்டி எங்கயும் போகல. இப்பவும் வாசக்கதவப் பாத்துட்டேதான் நிக்கிறேன். நீ வரல.

– வந்துட்டேன்.

– வரலண்ணே. ஆறடி ஆளு வந்தா எனக்குத் தெரியாமப் போகுமா?

– அப்ப நான் என்ன, ஆவியா? இந்தா பாரு, செருப்ப வெளிய விட்டேன், பைய சோபா மேல போட்டேன். இந்தச் சோபா எப்ப வாங்கினீங்க?

– எந்தச் சோபா?

– பச்சை சோபா. நல்லா மெத்து மெத்துன்னு இருக்கு.

– நம்ம வீட்ல ஏதுண்ணே பச்சை சோபா? அதே பிரம்பு நாற்காலிதான். நீ உக்காந்தா முனகுமே, அதேதான்.

– அட போம்மா. நான் அதுல உக்காந்துட்டு இருக்கேன், நீ இல்லைங்கற. ஜன்னலுக்குப் பூப்போட்ட திரை. மூலையில ஒரு மீன் தொட்டி. அப்பா மீன் வளக்க ஆரம்பிச்சுட்டாரா?

– அப்பாவா? மீன் தட்டுக்கு வந்தாத்தான் அவரு திரும்பியே பாப்பாரு.

– அதான் எனக்கும் ஆச்சரியமா இருந்துச்சு. சரி, ரிட்டயர் ஆகற வயசு, மனுஷன் மாறிட்டாரு போலன்னு நினைச்சேன்.

– அண்ணே, எனக்குத் தலை சுத்துது. வேற என்னல்லாம் இருக்கு, ஒவ்வொண்ணா சொல்லு.

– என்னத்தச் சொல்ல. சாப்பாட்டு மேஜை இருக்கு. புதுத் துணி விரிச்சிருக்கு. எட்டுத் தட்டு அடுக்கி வச்சிருக்கு. ஆமா, நாம நாலு பேருக்கு எதுக்கு எட்டுத் தட்டு? யாரெல்லாம் வராங்க?

– யாரும் வரல. நம்ம மேஜையில நாலு தட்டுதான் இருக்கு. நானே கழுவி வச்சேன். எண்ணிக்கிட்டேதான் பேசறேன். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு.

– இங்க எட்டு. அதுல ஒரு தட்டுல மட்டும் சோறு, கோழி, உருளைக்கிழங்கு எல்லாம் போட்டு மூடி வச்சிருக்கு. எனக்குன்னு அம்மா எடுத்து வச்சதுதானே?

– நீ அதத் திறந்தியா?

– திறந்தேன்.

– சாப்பிட்டியா?

– ஒரு கால்தான். ரெண்டு கால் இருந்துச்சு. காலையில நாலு மணிக்கு டிப்போல டூட்டி முடிச்சு, பஸ் பிடிச்சு, எட்டு மணி நேரம் நின்னுட்டே வந்திருக்கேன். பசிக்காதா? ஒண்ணு சொல்லட்டா, அம்மாவுக்குக் கை எப்ப மாறுச்சு? உப்பு சரியா இருக்கு.

– அண்ணே, அம்மா இன்னிக்குக் கோழியே சமைக்கல. மீன்தான்.

– வாலு, நான் எலும்பக் கையில வச்சிருக்கேன்.

– ஐயோ கடவுளே. இரு இரு, நான் யோசிக்கிறேன்.

– நீ யோசிக்கறது இருக்கட்டும். அம்மாவக் கூப்பிடு.

– அம்மா கீழ கேட்ல நிக்கிறாங்க. உன்னக் கூட்டிட்டு வர. பதினொன்னரை மணிக்கே போயாச்சு. நீ பாக்கலயா?

– நான் எங்க பாக்கறது? முன்னாடி ரோட்ட வெட்டிப் போட்டிருக்கு, பின் கேட் வழியா வான்னு நீதானே நேத்து சொன்ன?

– ஆமால்ல. சொன்னேன். அம்மாகிட்ட சொல்ல மறந்துட்டேன்.

– நல்லா இருக்கு உன் நிர்வாகம். பாவம், வெயில்ல நிப்பாங்க. நான் இறங்கிப் போயி கூட்டிட்டு வரேன்.

– வேண்டாம் வேண்டாம். நீ எங்க இருக்கன்னு முதல்ல தெரியட்டும். அசையாத.

– பாப்பா, யாரு போன்ல? அரை மணி நேரமா ஒரே பேச்சு.

– அண்ணன்தான்ப்பா.

– ம்.

– எங்க இருக்கான்னு கேக்க மாட்டீங்களா?

– எங்க இருக்கானாம்?

– வீட்ல இருக்கானாம்.

– யார் வீட்ல?

– நம்ம வீட்லயாம்ப்பா. உள்ள வந்து உக்காந்தாச்சாம்.

– இங்க நீ இருக்க, நான் இருக்கேன். மூணாவதா ஒரு ஆளு என் கண்ணுக்குத் தெரியல. விஷயத்துக்கு வா. வரானா, வரலயா?

– அதத்தான்ப்பா நானும் பத்து நிமிஷமா கேக்கறேன். இருங்க, கையெல்லாம் எண்ணெய். போன மேஜையில வச்சு ஸ்பீக்கர்ல போடறேன். அண்ணே, அப்பா பக்கத்துல இருக்காரு. பேசு.

– அப்பா, நல்லா இருக்கீங்களா?

– பாப்பா, அவன்கிட்ட கேளு, குடிச்சிருக்கானா.

– அப்பா, அவனுக்கே கேக்குதுப்பா. நேராவே பேசுங்களேன்.

– நீ கேளு.

– குடிக்கலன்னு சொல்லு வாலு. வெறும் கோழிக்காலு ஒண்ணு உள்ள போயிருக்குன்னு சொல்லு.

– எந்தப் பஸ் ஸ்டாப்புல இறங்கினான்னு கேளு. முன்னாடியே இறங்கி எவன் வீட்டுலயாவது நுழைஞ்சிருப்பான்.

– பிறந்ததுலேருந்து இருக்கற கட்டடத்த எனக்குத் தெரியாதான்னு கேளு. கீழ அதே சைக்கிள் ஸ்டாண்டு. அதே மாமரம். மூணாவது படியில நான் அஞ்சாவது படிக்கறப்ப உடைச்ச மூலை இன்னும் அப்படியேதான் இருக்கு.

– படி ஏறியா வந்தான்?

– படி எதுக்கு ஏறணும்னு சொல்லு. லிஃப்ட்தான் வந்திருக்கே. உள்ள கண்ணாடியெல்லாம் வச்சு, ஆஸ்பத்திரி மாதிரி. அந்த உடைஞ்ச படியப் பாத்துட்டு, லிஃப்ட்ல ஏறினேன்.

– பாப்பா, அவன் நிஜமாவே இந்தக் கட்டடத்துலதான் இருக்கான்.

– அப்ப எங்கப்பா? கட்டிலுக்கு அடியிலயா?

– சும்மா இரு. சத்தம் கேக்குதா உனக்கு?

– என்ன சத்தம்?

– மேல. யாரோ நடக்கறாங்க.

– மேல் வீட்ல யாரும் இல்லையேப்பா. மருந்துக்கடைக்காரர் குடும்பத்தோட ஸ்டேஷனுக்குப் போனாரே. சம்பந்தி வீட்டுக்காரங்க வராங்க, ஒண்ணரை மணிக்குத்தான் வருவோம்னு அவரு வீட்டு அக்கா சொன்னாங்க.

– அதான் சொல்றேன். ஆள் இல்லாத வீட்ல யாரு நடக்கறது? அவன ஒரு நாற்காலிய இழுக்கச் சொல்லு.

– அண்ணே, ஒரு நாற்காலிய இழு.

– எதுக்கு?

– இழேன், சொல்றாருல்ல.

– இழுத்தாச்சு.

– இன்னொரு தடவ இழுக்கச் சொல்லு.

– இழுத்தாச்சு. உங்களுக்கெல்லாம் என்ன ஆச்சு? மூணு வருஷம் கழிச்சு வந்தவன நாற்காலி இழுக்க விட்டு வேடிக்கை பாக்கறீங்க?

– பாப்பா, அவன் நம்ம தலைக்கு மேல நிக்கிறான்.

– ஐயோ கடவுளே.

– என்ன, என்ன சொல்றாரு?

– அண்ணே, லிஃப்ட்ல எந்த நம்பர அமுக்கின?

– நாலு. நாலாவது மாடிதானே நம்ம வீடு? வீடு மாத்திட்டீங்களான்னு நேத்து கேட்டேன், நாலாவது மாடிதான், மாறலன்னு நீதானே சொன்ன?

– நாலாவது மாடிதான். ஆனா நாம எப்பவும் தரைத்தளத்த ஒண்ணுன்னு வச்சு எண்ணுவோம்ல. லிஃப்ட் அதப் பூஜ்யம்னு எண்ணுது. நாம இப்ப மூணு. நாலு அமுக்கினா மேல் வீடு.

– அப்ப இது நம்ம வீடு இல்லையா?

– இல்லண்ணே.

– இந்தச் சோபா?

– மருந்துக்கடைக்காரரோடது.

– மீன் தொட்டி?

– அவங்க வீட்டுப் பையனோடது.

– கோழி?

– அதப் பத்தி இப்பப் பேச வேண்டாம்.

– அடக் கடவுளே. ஊர்ல இல்லாத ஆளு, அடுத்தவன் வீட்டுக்குள்ள புகுந்து, அவன் வீட்டுப் புது வருஷச் சாப்பாட்டுல கை வச்சிருக்கேன். யாராவது பாத்தா என்ன ஆகும்? மூடிய எங்க வச்சேன்? தட்டத் திருப்பி வச்சா தெரியாதுல்ல? கால் இருந்த இடத்துல உருளைக்கிழங்க நகத்தி வைக்கிறேன்.

– எதையும் தொடாத. நின்ன இடத்துலயே நில்லு.

– பாப்பா, வெளிய வரச் சொல்லு முதல்ல. நம்ம பேரு என்னத்துக்கு ஆகும்? பூட்டுக்காரன் மகன், பூட்டின வீட்டுக்குள்ள நிக்கிறான்.

– அதானேப்பா. பூட்டின வீடுதானே அது. அண்ணே, நீ எப்படி உள்ள போன?

– எப்படிப் போவாங்க? சாவி போட்டுத் திறந்து.

– எந்தச் சாவி?

– என் சாவி. நம்ம வீட்டுச் சாவி. போறப்ப எடுத்துட்டுப் போனேன்ல, அதே. பெல் அடிச்சேன், யாரும் வரல, போட்டுத் திருப்பினேன், திறந்துச்சு. அதுக்கு என்ன?

– நம்ம வீட்டுச் சாவி மேல் வீட்டத் திறந்துச்சா?

– திறந்து... இரு. இரு வாலு. ஒரு நிமிஷம்.

– அப்பா? அப்பா, என்ன அப்படியே நின்னுட்டீங்க? உக்காருங்க.

– கதவு திறந்து கிடந்திருக்கும். அவசரத்துல பூட்டாமச் சாத்திட்டுப் போயிருப்பாங்க.

– பூட்டித்தான் இருந்துச்சுன்னு சொல்லு. ரெண்டு சுத்து. நம்ம வீடு மாதிரியே, ரெண்டாவது சுத்துல கொஞ்சம் இழுத்துப் பிடிச்சுத் திருப்பணும். அதனாலதான் எனக்குச் சந்தேகமே வரல.

– தேஞ்ச பூட்டா இருக்கும். தேஞ்சா எந்தச் சாவிக்கும் திறக்கும்.

– மூணு வருஷத்துல எந்தப் பூட்டு தேயும்னு கேளு.

– நான் எதுக்குக் கேக்கணும்? ரெண்டு பேரும் மேலயும் கீழயும் நின்னு என்னத் தபால்காரியாக்கிட்டீங்க. எனக்கு ஒண்ணுமே புரியல. மூணு வருஷமாப் புரியல. அன்னிக்கு நான் வேலைக்குப் போயிட்டு வரேன், அண்ணனோட அலமாரி காலி. அம்மா அழறாங்க. அப்பாகிட்ட கேட்டா, என் தொழிலக் கேவலப்படுத்திட்டான்னு ஒரே பதில். உன்கிட்ட கேட்டா, அப்பாகிட்ட கேளுங்கற. இன்னிக்காவது யாராவது சொல்லுங்க. என்னதான் நடந்துச்சு?

– பழசு எதுக்கு இப்ப? நல்ல நாளும் அதுவுமா.

– நான் சொல்றேன் வாலு. அவரு கேட்டுட்டே இருக்கட்டும். அந்த வருஷம் கட்டடத்துல ரெண்டு வீட்ல திருட்டு போச்சு, ஞாபகம் இருக்கா? எல்லா வீட்டுக்கும் புதுப் பூட்டு மாத்தணும்னு அப்பாகிட்டதான் குடுத்தாங்க. இருபத்துநாலு கதவு. பத்து நாள். அப்பா ஒரு பெட்டி பூட்டு வாங்கிட்டு வந்தாரு. நான் கடைசி நாள் சாவி பிரிச்சுக் குடுக்க உக்காந்தேன். பாத்தா, எல்லாச் சாவியும் ஒரே வெட்டு.

– ஒரே வெட்டுன்னா?

– அதாவது, அது குடோனுக்கு விக்கற பூட்டு. ஒரே முதலாளி, பத்துக் கதவு, ஒரே சாவி. வீட்டுக்குப் போடணும்னா ஒவ்வொண்ணையும் பிரிச்சு, உள்ள இருக்கற குட்டிக் குட்டிப் பின்னுங்கள மாத்திப் போட்டு, தனித்தனிச் சாவி வெட்டணும். அது செய்யலப்பான்னு சொன்னேன். செஞ்சாச்சுன்னாரு. செஞ்சிருந்தா சாவி வேற வேறயா இருக்கணுமேன்னேன். உனக்கு என்ன தெரியும்னாரு. பேச்சு வளந்துச்சு. ஊரையே ஏமாத்தறீங்கன்னு நான் சொல்லிட்டேன். வெளிய போன்னாரு. போயிட்டேன்.

– அவ்வளவுதானா? ஒரு கதவுல போட்டுப் பாத்தா அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சிருக்குமே.

– அதத்தான் பாப்பா நானும் கேக்கறேன். அவ்வளவு நிச்சயமா சொன்னவன், ஒரு தடவ பக்கத்து வீட்டுக் கதவுல போட்டுப் பாத்துட்டு என் மூஞ்சில அடிச்ச மாதிரி காட்டியிருக்கலாமே. ஏன் காட்டல?

– நீங்கதானேப்பா சொல்லிக் குடுத்தீங்க.

– என்ன சொன்ன?

– பத்து வயசுல கையில சாவியக் குடுக்கறப்ப சொன்னீங்கல்ல. வீட்டுக்காரன் கூப்பிடாத கதவுல சாவி போடுறவன் பூட்டுக்காரன் இல்ல, திருடன்னு. அதனாலதான் போட்டுப் பாக்கல. இத்தனைக்கும் அன்னிக்கு சாயங்காலமே பைய எடுத்துட்டுப் படி இறங்கறேன், ஒவ்வொரு மாடியிலயும் மூணு கதவு, கையில சாவி. ஒண்ணுல போட்டிருந்தா நான் திரும்பி வந்திருக்கலாம். போடல.

– அப்பா, தண்ணி குடிங்க.

– வேண்டாம்மா.

– அண்ணே, லைன்ல இருக்கியா?

– இருக்கேன். அப்பா, கேளுங்க. நான் இன்னிக்கு எதுக்கு வந்தேன்னு வாலுக்குக்கூடத் தெரியாது. மன்னிப்புக் கேக்கத்தான் வந்தேன். நாள் ஆக ஆக எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. ஒருவேளை நீங்க பிரிச்சு மாத்தித்தான் போட்டீங்களோ, நான் பாத்தது மிச்சச் சாவியோ, வாய்த்துடுக்குல பெத்தவர ஏமாத்துக்காரன்னு சொல்லிட்டேனோன்னு. போன வருஷம் இதே நாள், டிப்போல பஸ்ஸுக்கு அடியில படுத்து ரிப்பேர் பாத்துட்டு இருந்தேன். எல்லாரும் சாப்பிடப் போயிட்டாங்க. எனக்கு மட்டும் போக இடமில்ல. அப்பவே முடிவு பண்ணிட்டேன், அடுத்த வருஷம் போயி கால்ல விழுந்தாவது அந்த மேஜையில உக்காந்துடணும்னு. பஸ்ல வர்றப்பகூட அதத்தான் மனப்பாடம் பண்ணிட்டே வந்தேன்.

– இப்ப என்ன பண்ணப்போற?

– அப்பா, அவன்கிட்ட நேரா பேசிட்டீங்க.

– நீ கொஞ்சம் சும்மா இரு பாப்பா. டேய், கேக்கறேன்ல. இப்ப என்ன பண்ணப்போற?

– ஒண்ணும் பண்ணலப்பா. கதவு திறந்து கிடந்துச்சுன்னே வச்சுக்கலாம். நீங்க சொன்னதுதான். நான் வெளிய வந்து, பூட்டிட்டு, படி இறங்கி வரேன். இந்தப் பேச்சே வேண்டாம். எனக்குப் பூட்டு முக்கியமில்ல. மீனோ கோழியோ, உங்ககூட உக்காந்து ஒரு வாய் சாப்பிட்டா போதும்.

– வச்சுக்க முடியாது.

– என்னப்பா?

– கதவு திறந்து கிடந்துச்சுன்னு வச்சுக்க முடியாது. இருபத்துநாலு வீட்ல குழந்தைங்க தூங்குது. தொழில்னா தொழில். நீ சொன்னதுதான் சரி. பெட்டியப் பிரிச்ச அன்னிக்கே எனக்குத் தெரியும்.

– அப்பா...

– பேசி முடிச்சுடறேன், குறுக்க வராத. பிரிச்சு மாத்தலாம்னு தெரிஞ்சுதான் வாங்கினேன். முதல் நாள் ராத்திரி மூணு பூட்டப் பிரிச்சேன். அந்தப் பின்னு ஒவ்வொண்ணும் அரிசியில பாதி இருக்கும். என் கண்ணுக்குத் தெரியலடா. விளக்க இழுத்து மூக்குக்கிட்ட வச்சேன், தெரியல. பிரிச்ச மூணும் திரும்பச் சேரவே இல்ல. முப்பது வருஷம் கண்ண மூடிட்டு செஞ்ச வேலை. நீ அடுத்த ரூம்லதான் தூங்கிட்டு இருந்த. எழுப்பிக் குடுத்திருந்தா விடியறதுக்குள்ள பாதி முடிச்சிருப்ப. எழுப்பல.

– ஏம்ப்பா?

– எழுப்பிக் குடுத்தா, அதோட நான் முடிஞ்சேன்னு அர்த்தம். மறுநாள்லேருந்து நீ பூட்டுக்காரன், நான் உன் கருவி டப்பாவத் தூக்கிட்டு வர்றவன். வெக்கமா இருந்துச்சு. அப்படியே மாட்டிட்டேன். நீ கண்டுபிடிச்சுக் கேட்டப்ப, கோவம் உன்மேல இல்ல. என் கண்ணுமேல. ஆனா கண்ண வெளிய போன்னு சொல்ல முடியுமா? உன்னச் சொன்னேன்.

– அப்பா, அழாதீங்கப்பா. அம்மா வர்ற நேரம்.

– வரட்டும். அவளுக்கும் சொல்லணும். டேய் பெரியவனே, நீ அங்கயே இரு. பூட்டுமேல கை வைக்காத. நான் மேல வரேன். அந்தக் கதவு முன்னாடி நின்னு என் கண்ணால பாத்துக்கறேன். சாப்பிட்டுட்டு மருந்துக்கடைக்காரர்கிட்ட நானே பேசறேன். இன்னிக்கு அவரு கதவு, நாளைக்கு மத்தது. நீ பின்னுங்கள மாத்து, நான் டப்பாவத் தூக்கறேன். எத்தன நாள் லீவு போட்டிருக்க?

– மூணு நாள்.

– பத்தாது. பாப்பா, என் சட்டை எங்க?

– நாற்காலிமேல இருக்குப்பா. லிஃப்ட்ல போங்க, மூச்சு வாங்கும்.

– வேண்டாம். அந்த லிஃப்டும் அதோட கணக்கும். நான் படியிலயே போறேன்.

– பாத்துப் போங்க. அண்ணே, கிளம்பிட்டாரு. கதவுக்கு வெளிய போயி நில்லு. மெதுவாத்தான் ஏறுவாரு.

– வாலு, என்ன நடந்துச்சுன்னே புரியல. மன்னிப்புக் கேக்க வந்தவன், கோழி தின்னுட்டு நிக்கிறேன். அவரு மேல வராரு. நான் என்ன சொல்லணும்?

– ஒண்ணும் சொல்லாத. அவரு கையப் பிடிச்சுக்கிட்டுக் கீழ கூட்டிட்டு வா. நான் அம்மாவக் கூப்பிட்டு விடறேன். சோறு ஆறுது.

– உன்மேல எனக்கு எந்த வருத்தமும் இல்ல, தெரிஞ்சுக்கோ. மூணு வருஷமா நீ அப்பா பக்கம் நிக்கறன்னு சில நாள் நினைச்சிருக்கேன். ஆனா உனக்கு என்ன தெரியும் பாவம்? பூட்டப் பத்தி உனக்கு என்ன தெரியும்?

– அதையெல்லாம் சாப்பிடறப்பப் பேசிக்கலாம்ண்ணே. படியில சத்தம் கேக்குதா?

– கேக்குது. செருமறாரு. இன்னும் பாதி வழிதான் வந்திருப்பாரு. ஆனா வாலு, ஒரே பயம். இந்த மருந்துக்கடைக்காரர் வீட்டம்மா திரும்பி வந்து, ஒரு தட்டு மட்டும் கலைஞ்சு கிடக்கறதப் பாத்தா என்ன ஆகும்? கூச்சல் போட்டு ஊரக் கூட்டிட மாட்டாங்க?

– மாட்டாங்க.

– எப்படி அவ்வளவு நிச்சயமா சொல்ற?

– லிஃப்ட் வந்த முதல் வாரமே நானும் நாலு அமுக்கி, நம்ம சாவியாலயே அதே கதவத் திறந்துட்டு அந்தக்கா முன்னாடி போயி நின்னிருக்கேன்ணே. அவங்களும் நானும் ஒரு வாரமா உக்காந்து யோசிச்சுத்தான் இன்னிக்கு உன்னை அங்க ஏத்தி விட்டோம்.